அடுத்த தலைமை: ஒருவரைக் குறிப்பதா, பலரை வளர்ப்பதா, வெளியிலிருந்து அழைப்பதா?

தலைவர் ஓய்வு பெற இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன. அடுத்து யார் என்ற கேள்வி எல்லார் மனத்திலும் இருக்கிறது. ஆனால் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்டால் அவரை வழியனுப்ப அவசரப்படுவதுபோல் ஆகிவிடும் என்ற தயக்கம். என்றாவது ஒருநாள் இயக்குநர் குழுவில் ஒருவர் துணிந்து கேட்டுவிடுகிறார். உடனே பேச்சு மூன்றாகப் பிரிகிறது. துணைத் தலைவர் இருக்கிறாரே, இப்போதே சொல்லிவிடலாம் என்கிறார் ஒருவர். நான்கைந்து பேரைத் தயார் செய்வோம், வேளை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் அடுத்தவர். உள்ளே யாரும் தேறமாட்டார்கள், வெளியாள்தான் வேண்டும் என்கிறார் மூன்றாமவர். இந்த முச்சந்தியில் நின்றுகொண்டு கேள்வி கேட்கும் வாசகர்களுக்காகவே இந்த ஒப்பீடு.

மூன்றுமே பலருக்குப் பலன் தந்த வழிகள்தான். ஆனால் மூன்றும் எப்போதும் கைவசம் இருப்பதில்லை. பலரை வளர்த்தெடுக்க ஐந்து ஆண்டுகளாவது வேண்டும். ஒருவரைத் தயார் செய்ய இரண்டு மூன்று ஆண்டுகள் வேண்டும். வெளியாளைத் தேடிப் பிடிக்கச் சில மாதங்கள் போதும். பேச்சைத் தள்ளிப்போடுகிற நிறுவனம், தான் இன்னும் எதையும் முடிவு செய்யவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கும். உண்மையில் அது முதல் இரண்டு வழிகளையும் ஒவ்வொன்றாக இழந்துகொண்டிருக்கிறது.

## எதை வைத்து எடைபோடுவது?

கையிலுள்ள காலம். மற்ற அளவுகோல்களைப் பேசலாமா வேண்டாமா என்பதையே இதுதான் தீர்மானிக்கிறது. தலைவரின் ஓய்வு வயதை மட்டும் வைத்துக் கணக்கிட வேண்டாம். உடல்நலக் குறைவு, திடீர் விலகல், வேறு இடத்தில் கிடைக்கும் பெரிய வாய்ப்பு ஆகியவை எந்த வயதிலும் வரும்.

தொடர்ச்சியா, மாற்றமா? அடுத்த ஐந்து ஆண்டுகளில் நிறுவனம் செய்ய வேண்டியது இப்போது செய்வதையே இன்னும் நன்றாகச் செய்வதா, அல்லது தொழிலையே புரட்டிப்போடுவதா? பெரும்பாலான குழுக்கள் இந்தக் கேள்வியைப் பேசாமலேயே ஆட்களின் பெயர்களைப் பேசத் தொடங்கிவிடுகின்றன. பெயர் வந்துவிட்டால் பிறகு விருப்பு வெறுப்புதான் பேசும்.

பதவியின் அறிவு எங்கே இருக்கிறது? சில பதவிகளுக்கு வேண்டிய அறிவு கோப்புகளிலும் நடைமுறைகளிலும் இருக்கிறது. சிலவற்றில் அது முழுக்க ஒருவரின் தலைக்குள் இருக்கிறது. எந்த வாடிக்கையாளர் கோபத்தில் சொன்னதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை, எந்தச் சப்ளையருக்குத் தாமதமானால் முன்கூட்டியே போன் செய்ய வேண்டும், பத்து ஆண்டுகளுக்கு முன் கைவிட்ட திட்டத்தை ஏன் கைவிட்டோம் என்பதெல்லாம் எந்தக் கோப்பிலும் இருக்காது.

தேர்வாகாதவர்கள் என்ன ஆவார்கள்? ஒருவர் தேர்வாகும்போது வேறு சிலர் தேர்வாகாமல் போகிறார்கள். அவர்களும் திறமைசாலிகள். அவர்களை இழப்பதும் இந்த முடிவின் செலவில் சேர்ந்ததுதான்.

பின்வாங்க முடியுமா? தேர்வு தவறாகிவிட்டால் எவ்வளவு சேதத்தோடு மீள முடியும்?

இந்த ஐந்தையும் வைத்துப் பார்த்தால் மூன்று வழிகளும் தோராயமாக இப்படி நிற்கின்றன:

| அளவுகோல் | ஒருவரைக் குறிப்பது | பலரை வளர்ப்பது | வெளியாளை அழைப்பது |
|---|---|---|---|
| வேண்டிய காலம் | 2–3 ஆண்டுகள் | 5 ஆண்டுகளும் மேலும் | சில மாதங்கள். ஊன்றிக்கொள்ள மேலும் 1–2 ஆண்டுகள் |
| எதற்குப் பொருந்தும் | தொடர்ச்சி | தொடர்ச்சி, அளவான மாற்றம் | பெரிய மாற்றம் |
| எழுதப்படாத அறிவு | முழுமையாகக் கைமாறும் | பகுதி பகுதியாகப் பலரிடம் பரவும் | பெரும்பகுதி தொலையும் |
| தேர்வாகாதவர்கள் | முன்கூட்டியே மனம் விடுவார்கள் | அறிவிப்பு வந்ததும் விலகுவார்கள் | ஓசையில்லாமல் வேறு வேலை தேடுவார்கள் |
| பின்வாங்குதல் | சங்கடம் | எளிது | அதிகச் செலவு |

அட்டவணை என்பதால் எல்லாம் சமமாகத் தெரிகிறது. நடைமுறையில் மறைந்திருக்கும் செலவுகள்தான் ஆளைச் சாய்க்கின்றன.

## ஒருவரைக் குறித்து வளர்ப்பது

எளிய வழி இதுதான். சிறிய நிறுவனங்களில் இயல்பாக நடப்பதும் இதுதான். இதன் மிகப் பெரிய நன்மை, சோதித்துப் பார்க்க முடிவது. ஆப்பிள் நிறுவனத்தில் 2011 ஆகஸ்டில் டிம் குக் தலைமைப் பொறுப்பை ஏற்றபோது அது அவருக்குப் புதிய நாற்காலி அன்று. ஸ்டீவ் ஜாப்ஸ் மருத்துவ விடுப்பில் போன 2004, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் அன்றாட நிர்வாகத்தை அவர் ஏற்கெனவே நடத்தியிருந்தார். இயக்குநர் குழு ஒரு மனிதரின் வாக்குறுதியை நம்பி முடிவெடுக்க வேண்டியிருக்கவில்லை. அவர் தலைமையில் நிறுவனம் எப்படி ஓடும் என்பதைக் கண்ணால் பார்த்திருந்தது. யாரையாவது மனத்தில் குறித்து வைத்திருக்கும் எந்த நிறுவனமும் இதைச் செய்யலாம். தலைவர் ஒரு மாதம் முழுமையாக விடுப்பில் போகட்டும், போனையும் அணைத்துவிட்டு. அந்த ஒரு மாதம் சொல்வதை எந்தப் பயிற்சி வகுப்பும் சொல்லாது.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. முதலாவது, காத்திருப்பு. இரண்டு ஆண்டுகளில் உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டு ஐந்து ஆண்டுகள் ஆனாலும் தலைவர் நகராவிட்டால், ‘அண்ணன் எப்போது போவான், திண்ணை எப்போது காலியாகும்’ என்ற மனநிலைக்கு அந்த மனிதர் தள்ளப்படுகிறார். நல்லவராக இருந்தால் வேறு வேலைக்குப் போய்விடுவார். போகாமல் தங்கிவிட்டால், அது அவரைப் பற்றி நமக்கு ஏதோ சொல்கிறது.

இரண்டாவது, அதிகாரமில்லாத பட்டம். எந்த நிறுவனத்திலும் பார்க்கக்கூடிய காட்சிதான்: கூட்டத்தில் ஒரு விலையேற்றத்தைப் பற்றி அடுத்த தலைவர் பேசி முடிக்கிறார். ஒரு நொடி அமைதி. அறையில் உள்ள அத்தனை பேரின் கண்களும் மேசையின் தலைப்பக்கம் அமர்ந்திருக்கும் பழையவரின் முகத்துக்குப் போகின்றன. அவர் லேசாகத் தலையசைத்த பிறகுதான் பேனாக்கள் நகர்கின்றன. இப்படி இருக்கும்வரை யாரும் வளரவில்லை. பழையவர் அந்தக் கூட்டத்துக்கே வராமல் இருந்தால் ஒரு மாதத்தில் நிலைமை மாறும். செலவுக்கு ஒப்புதல் தரும் வரம்பு, ஆள் எடுக்கும் அதிகாரம், முக்கிய வாடிக்கையாளரின் நேரடித் தொடர்பு ஆகிய மூன்றையும் தேதி குறித்து ஒவ்வொன்றாகக் கைமாற்றுவதுதான் உண்மையான வளர்ப்பு. மற்றதெல்லாம் பெயர்ப்பலகை.

இன்னொரு அபாயத்தையும் சொல்ல வேண்டும். தலைவர் தாமே தேர்ந்தெடுக்கும்போது தம் சாயலிலேயே ஒருவரைத் தேர்ந்தெடுப்பார். தொடர்ச்சி வேண்டிய காலத்தில் அது குற்றமில்லை. மாற்றம் வேண்டிய காலத்தில் அது நோயை நீட்டிக்கும். தலைவரின் கருத்தைக் கேட்கலாம். தேர்வு மற்றவர்கள் கையில் இருக்கட்டும்.

எப்போது இது சிறந்தது: இரண்டு மூன்று ஆண்டுகள் கைவசம் இருக்கும்போது, தொழில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது, பதவியின் அறிவு ஒரு தலைக்குள் அடைந்துகிடக்கும்போது, மற்றவர்களே ‘அவர்தானே’ என்று முன்பே ஏற்றுக்கொண்ட ஒருவர் இருக்கும்போது.

## பலரை ஒன்றாக வளர்ப்பது

பெரிய நிறுவனங்கள் விரும்பும் வழி இது. குறிப்பிட்ட ஒரு நாற்காலிக்கு ஆள் தேடாமல், இன்னும் சில ஆண்டுகளில் எந்தப் பெரிய பொறுப்பையும் ஏற்கக்கூடிய ஒரு வரிசையை உருவாக்குவது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1956இலேயே நியூயார்க் மாநிலத்தின் க்ரோட்டன்வில்லில் தன் மேலாளர்களுக்கென்று ஒரு பயிற்சி வளாகத்தைத் திறந்தது. அந்த நிறுவனத்தில் வளர்ந்தவர்களை மற்ற நிறுவனங்கள் தலைமைப் பதவிக்குக் கொத்திக்கொண்டு போயின.

ஆனால் ஆளை உருவாக்குவது வகுப்பறை மட்டும் என்று நினைப்பவர்கள் பணத்தை வீணாக்குகிறார்கள். தலைமைப் பயிற்சிக்கு உண்மையான களம் வேலைதான், அதுவும் ஆளைத் தாண்டிய வேலை. நட்டத்தில் ஓடும் கிளை ஒன்றை மீட்பது. ஒன்றுமில்லாத இடத்தில் புதிய பிரிவைத் தொடங்குவது. ஒரு பிரிவை மூடி, அதன் ஊழியர்களின் முகத்தைப் பார்த்துச் செய்தி சொல்வது. ஆலோசனை சொல்லும் இருக்கையிலிருந்து லாப நட்டத்துக்குப் பதில் சொல்லும் இருக்கைக்கு மாறுவது. இந்த நான்கில் இரண்டையாவது செய்யாதவரை ‘தயார்’ என்று நான் எழுதமாட்டேன்.

யாரை இந்த வரிசையில் சேர்ப்பது என்பதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். பல நிறுவனங்கள் ஒன்பது கட்டங்கள் கொண்ட அட்டவணையைப் பயன்படுத்துகின்றன. ஒரு பக்கம் இப்போதைய செயல்திறன், மறுபக்கம் எதிர்கால வாய்ப்பு, இரண்டிலும் மும்மூன்று படிகள். செயல்திறனுக்காவது எண்கள் உண்டு. எதிர்கால வாய்ப்புக்கு என்ன அளவு? மதிப்பிடும் அதிகாரியின் மனம்தான். அவரோடு அடிக்கடி பேசுகிறவர், அவர் மொழியில் பேசுகிறவர், கூட்டத்தில் முதலில் வாய் திறக்கிறவர் மேல் மூலைக்குப் போய்விடுவார்கள். தொலைவில் இருக்கும் கிளையில் அடக்கமாக வேலை பார்ப்பவர் நடுக்கட்டத்திலேயே தங்கிவிடுவார். அட்டவணையைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. மேல் மூலையில் வைக்கும் ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கேளுங்கள்: இவருக்குக் கொடுத்த மிகக் கடினமான வேலை எது, என்ன ஆயிற்று? இவருக்குக் கீழே இருந்து மேலே வந்தவர்கள் யார் யார்? இரண்டாவது கேள்வி பல பெயர்களை உதிர்த்துவிடும். திறமையான ஆட்களைத் தம்மிடமே கட்டிவைத்து எண்களைக் காட்டும் மேலாளரை, செயல்திறன் பத்தி மட்டும் ஒருநாளும் காட்டிக்கொடுக்காது.

சிறந்த விற்பனையாளரை விற்பனை மேலாளராக்கி, நல்ல விற்பனையாளரையும் இழந்து சுமாரான மேலாளரையும் பெறுவது பழைய கதை. இப்போதைய வேலையில் காட்டும் திறமை அடுத்த வேலைக்குச் சான்றாகாது என்று எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆண்டு இறுதியில் பதவி உயர்வுப் பட்டியல் போடும்போது மறந்துவிடுகிறார்கள்.

இந்த வழியின் கண்ணுக்குத் தெரியாத பெரிய செலவு தேர்வு நாளில்தான் வெளிப்படும். 2000 நவம்பரில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ஜாக் வெல்ச்சுக்கு அடுத்தவராக ஜெஃப்ரி இம்மெல்ட் அறிவிக்கப்பட்டார். கடைசிச் சுற்றுவரை வந்த மற்ற இருவரும் அடுத்த சில வாரங்களுக்குள் வேறு நிறுவனங்களின் தலைவர்களாக அறிவிக்கப்பட்டார்கள்: ராபர்ட் நார்டெல்லி ஹோம் டிப்போவுக்கும், ஜேம்ஸ் மெக்னெர்னி த்ரீஎம்முக்கும். அலை அங்கேயே நிற்கவில்லை. மெக்னெர்னி 2005இல் போயிங்கின் தலைவரானார். போயிங்கிலேயே பல ஆண்டுகள் உழைத்து, அந்தப் பதவிக்குப் பெயர் அடிபட்ட ஆலன் முலாலி அடுத்த ஆண்டே ஃபோர்டுக்குப் போய்விட்டார். ஒரு நிறுவனம் பத்து ஆண்டுகள் செலவழித்து வளர்த்த பயிரை இன்னொன்று அறுவடை செய்துகொள்கிறது. இதைத் தவிர்க்க வழியில்லை. குறைக்க வழி உண்டு. பந்தயத்தை ஊரறிய நடத்தாமல் இருக்கலாம். தேர்வாகாதவர்களிடம் அறிவிப்புக்கு முன்பே, நேரில், நேர்மையாகப் பேசலாம். அவர்கள் போய்விட்டால் அந்த இடத்துக்கு யார் என்பதையும் முன்பே யோசித்திருக்கலாம்.

பந்தயம் நீளும்போது இன்னொரு நஞ்சும் சேர்கிறது. நேற்றுவரை போனில் கேட்டால் சொல்லிவிடும் தகவலை இன்று மின்னஞ்சலில் கேளுங்கள் என்பார்கள். பக்கத்துப் பிரிவின் தவறு கூட்டத்தில் வந்து விழும். ஆட்களைப் பிரிவு விட்டுப் பிரிவு மாற்றிக்கொண்டே இருந்தால் அதற்கும் விலை உண்டு. பதினெட்டு மாதங்களுக்கு ஒருமுறை மேலாளர் மாறும் பிரிவில் நீண்டகால வேலை எதுவும் நடக்காது. வருகிறவர்கள் எல்லாரும் விரைவில் கண்ணில் படும் வெற்றியையே தேடுவார்கள். தாம் தொடங்கியதன் விளைவைத் தாமே அனுபவிக்கும்வரை ஒருவரை ஓரிடத்தில் வைத்திருப்பது நல்லது.

எப்போது இது சிறந்தது: ஐந்து ஆண்டுகளுக்கு மேல் காலம் இருக்கும்போது, நிறுவனம் வளர்ந்துகொண்டிருந்து, தேர்வாகாதவர்களுக்கும் பெரிய பொறுப்புகள் காத்திருக்கும்போது, எதிர்காலம் எப்படிப்பட்ட தலைவரைக் கேட்கும் என்று இன்று சொல்ல முடியாதபோது. முப்பது பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கு இது பொருந்தாது. அங்கே ஐந்து போட்டியாளர்களை வளர்த்தால் நான்கு எதிராளிகள்தான் மிஞ்சுவார்கள்.

## வெளியிலிருந்து அழைப்பது

இதற்கு ஆதரவாக அடிக்கடி சொல்லப்படும் உதாரணம் ஐபிஎம். 1992இல் சுமார் 500 கோடி டாலர் நட்டம் கண்ட அந்த நிறுவனம், 1993 ஏப்ரலில் கணினித் துறைக்கே சம்பந்தமில்லாத லூயிஸ் கெர்ஸ்ட்னரை அழைத்து வந்தது. நிறுவனத்தைத் தனித்தனியாகப் பிரித்துவிடும் திட்டத்தை அவர் நிறுத்தினார், சேவைகளின் பக்கம் திருப்பினார், நிறுவனம் மீண்டது. கதையின் மறுபாதியை யாரும் சொல்வதில்லை. 2002இல் அவர் பொறுப்பை ஒப்படைத்தது 1973 முதல் ஐபிஎம்மிலேயே இருந்த சாமுவேல் பால்மிசானோவிடம். வெளியாளின் நல்ல வேலைகளில் ஒன்று, அடுத்த முறை வெளியாள் தேவைப்படாமல் செய்வது.

மறுபக்கம் கணினி நிறுவனமான எச்பி. 1999இல் கார்லி ஃபியோரினா, 2005இல் மார்க் ஹர்ட், 2010இல் லியோ அபோத்தெக்கர் என்று அடுத்தடுத்து மூன்று பேரை வெளியிலிருந்து அழைத்தது. கடைசியானவர் ஓராண்டுகூட நீடிக்கவில்லை. ஒருமுறை வெளியே தேடுகிற நிறுவனத்துக்கு அதுவே பழக்கமாகிவிடும் ஆபத்து உண்டு. உள்ளே இருப்பவர்கள் மேல் இடம் தங்களுக்கில்லை என்று புரிந்துகொண்டு போய்விடுவார்கள். அடுத்த முறை பார்த்தால் உண்மையிலேயே உள்ளே ஆள் இருக்காது.

பணக் கணக்கும் கேட்கத்தக்கது. வார்ட்டன் வணிகப் பள்ளியின் மேத்யூ பிட்வெல் ஓர் அமெரிக்க முதலீட்டு வங்கியின் பணியாளர் பதிவுகளை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட முடிவுகளின்படி, வெளியிலிருந்து வந்தவர்கள் அதே மாதிரி பதவிக்கு உள்ளிருந்து உயர்ந்தவர்களைவிடச் சுமார் 18 சதவீதம் கூடுதல் சம்பளம் பெற்றார்கள். ஆனால் முதல் இரண்டு ஆண்டுகளில் அவர்களின் செயல்திறன் மதிப்பீடு குறைவாகவே இருந்தது. வேலையைவிட்டுப் போவதும் அவர்களிடம் அதிகம். அங்கே பார்த்தது தலைவர்களை மட்டுமல்ல, எல்லா மட்டத்துப் பதவிகளையும். ஆனாலும் காரணம் எங்கும் ஒன்றுதான்: வருகிறவர் தம் திறமையைக் கொண்டுவரலாம், அந்தத் திறமையைத் தாங்கிப்பிடித்த பழைய சகாக்களையும் தொடர்புகளையும் கொண்டுவர முடியாது. தேடித் தரும் நிறுவனத்தின் கட்டணம், ஒப்பந்தத்தை முறித்தால் தர வேண்டிய இழப்பீடு, அவர் கூட்டிவரும் இரண்டு மூன்று பேரின் சம்பளம் ஆகியவற்றையும் சேர்த்துத்தான் மொத்தம் போட வேண்டும்.

இதையெல்லாம் சொன்னபிறகும் வெளியாளை எதிர்க்கிறேன் என்று கொள்ள வேண்டாம். தலைவர்களின் நாற்றங்கால் என்று பெயரெடுத்த அதே ஜெனரல் எலெக்ட்ரிக், 2018 அக்டோபரில் லாரி கல்ப்பைத் தலைமைக்குக் கொண்டுவந்தது. அதன் வரலாற்றில் முதன்முறையாக ஒரு வெளியாள். வளர்ப்பு நன்றாக இருந்தாலும், வளர்ந்தவர்கள் எல்லாரும் ஒரே விதமாகச் சிந்திக்கும் காலம் ஒன்று வரும்.

வெளியே பார்ப்பதற்கு இன்னொரு பயனும் உண்டு. 2013 ஆகஸ்டில் ஸ்டீவ் பால்மர் ஓய்வை அறிவித்ததும் மைக்ரோசாஃப்ட் உள்ளும் வெளியும் தேடியது. 2014 பிப்ரவரியில் தேர்வானது 1992 முதல் அங்கேயே வேலை பார்த்த சத்யா நாதெள்ளா. வெளியாட்களோடு ஒப்பிட்டுத் தேர்வான உள்ளாளுக்கு, வேறு ஆளில்லாததால் வந்தவர் என்ற பேச்சு ஒட்டாது.

எப்போது இது சிறந்தது: நிறுவனம் மூழ்கிக்கொண்டிருக்கும்போது, தொழிலின் அடிப்படை மாறும்போது, மோசடியோ ஊழலோ வெளிப்பட்டு உள்ளே இருப்பவர்கள் மீது நம்பிக்கை போய்விட்டபோது, அல்லது காலம் தீர்ந்துபோய் வேறு வழியே இல்லாதபோது. கடைசிக் காரணத்துக்காக அழைக்கிறீர்கள் என்றால் அதை உங்களுக்குள்ளாவது ஒப்புக்கொள்ளுங்கள்.

## எந்த வழியானாலும்: நாளைக்கே ஆள் வேண்டுமென்றால்?

2004 ஏப்ரல் 19 அன்று மெக்டொனால்ட்ஸ் தலைவர் ஜிம் கான்டலூப்போ திடீரென இறந்தார். அன்றே சார்லி பெல் தலைமைப் பொறுப்புக்கு அறிவிக்கப்பட்டார். சில வாரங்களில் பெல்லுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. நவம்பரில் அவர் விலக, ஜிம் ஸ்கின்னர் ஏற்றார். ஒரே ஆண்டில் இரண்டு முறை தலைமை மாறியும் நிறுவனம் தடுமாறவில்லை. ஒரு பெயர் மட்டும் கைவசம் இருந்திருந்தால் நவம்பரில் என்ன ஆகியிருக்கும்? மூன்றில் எந்த வழியைத் தேர்ந்தாலும், நாளை காலையில் யார் கையெழுத்திடுவார் என்பதற்கு இரண்டு பெயர்களாவது எழுத்தில் இருக்க வேண்டும். இந்தத் தற்காலிகப் பெயர் நிரந்தரப் பெயராக இருக்க வேண்டியதில்லை. அதைச் சம்பந்தப்பட்டவரிடம் அப்போதே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

## போகிறவர் போக வேண்டும்

மூன்று வழிகளிலும் சேர்ந்தே வரும் செலவு பழைய தலைவர். 2020 பிப்ரவரியில் டிஸ்னியில் பாப் ஐகர் தலைமைச் செயல் அதிகாரி பதவியை பாப் சேப்பெக்கிடம் கொடுத்தார். ஆனால் இயக்குநர் குழுவின் செயல் தலைவராக 2021 இறுதிவரை அங்கேயே இருந்தார். 2022 நவம்பரில் சேப்பெக் நீக்கப்பட்டு ஐகர் திரும்ப வந்தார். பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்திலும் ஏ.ஜி.லாஃப்லி 2009இல் விடைபெற்று 2013இல் திரும்ப அழைக்கப்பட்டார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணங்கள் இருந்தன. ஆனால் திரும்பி வருவது நடக்கக்கூடியது என்று எல்லாரும் அறிந்த இடத்தில், புதியவரின் முதல் சறுக்கலிலேயே பழையவரின் பெயர் அடிபடத் தொடங்கிவிடும்.

ஆகவே ஒப்படைப்புத் தேதியோடு, பழையவர் அறையைக் காலி செய்யும் தேதியையும் அதே தீர்மானத்தில் எழுதுங்கள். ஆலோசகராகத் தொடர்வதானால் எத்தனை மாதம், யார் கேட்டால் ஆலோசனை, எந்தெந்தக் கூட்டங்களுக்கு வரமாட்டார் என்பதும் அதிலேயே இருக்கட்டும். நிறுவனரே தலைவராக இருக்கும் இடங்களில் இந்தப் பத்தியை எழுதவைப்பதுதான் மிகக் கடினம். அங்கே இதைத்தான் முதலில் எழுத வேண்டும், பெயரைத் தேர்வு செய்வதற்கும் முன்னால்.

## காலத்தை வைத்து ஒரு தொடக்கம்

ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறதா? பலரை வளர்க்கத் தொடங்குங்கள். கடைசி இரண்டு ஆண்டுகளில் அதிலிருந்து ஒருவரைக் குறியுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகள்தான் என்றால் பலரை வளர்க்கும் பேச்சை விட்டுவிட்டு, இருப்பவர்களில் ஒருவருக்கு இந்த மாதமே ஓர் உண்மையான அதிகாரத்தைக் கைமாற்றுங்கள். ஓராண்டுக்கும் குறைவு, தொழிலும் சுமாராக ஓடுகிறது என்றால் உள்ளாளையும் வெளியாளையும் ஒரே பட்டியலில் வைத்துத் தேடுங்கள். ஓராண்டுக்கும் குறைவு, தொழிலும் சரிந்துகொண்டிருக்கிறது என்றால் வெளியாள்தான். அவர் கையெழுத்திடும் ஒப்பந்தத்திலேயே, மூன்றாம் ஆண்டின் முடிவுக்குள் உள்ளிருந்து இரண்டு பேரைத் தயார் செய்து காட்ட வேண்டும், ஊக்கத்தொகையின் ஒரு பகுதி அதைப் பொறுத்தே என்று சேர்த்துவிடுங்கள்.